முள் முறிந்த மடவை

அத்தியாயம் பதினேழு

தம்பி சிங்காரவேல் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அம்சவல்லி இரண்டு தடவை அழுது, ஒரு தடவை அவன் தலையில் குட்டி, மூன்று தம்ளர் மோர் கொடுத்துவிட்டாள்.

ஆறு வருஷமாயிற்றே! கடலூர் துறைமுகத்தில் மூட்டை இறக்க வந்த பழனிவேலை அவள் கட்டிக்கொண்டு போன நாளில், வேலாங்குப்பமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடலுக்குப் போகிற குடும்பத்துப் பெண், வயல் வரப்பில் அண்டை வெட்டும் கூலிக்காரன் பின்னால் போவதாவது என்று பிறந்த வீடு கதவைச் சாத்தியது, சாத்தியதுதான். ஒரு கடுதாசி கிடையாது. பழனிவேல் நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் வாரி, வெடிப் பிரிவில் சேர்ந்து, போன மாதம்தான் பெர்மனன்ட் ஆனான். குவார்ட்டர்ஸும் கிடைத்தது.

அந்தக் குவார்ட்டர்ஸ் வாசலில்தான் இன்று காலை, தலையில் மீன்கூடையும் தோளில் ஒரு துணிப்பையுமாகத் தம்பி வந்து நின்றான்.

"மாமா ஃபஸ்ட் ஷிப்டு. ரெண்டு மணிக்கு வந்துருவாரு. நீ குந்து. நான் கொழம்பு வச்சிடறேன்" என்று அவன் பையை வாங்கி அடுப்பங்கரை ஆணியில் மாட்டினாள். கூடையை இழுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

எல்லாம் மடவை. முழங்கை நீளம். வயிறு உப்பிய சினை மீன்கள். முதல் மீனை அரிவாள்மணையில் வைத்துக் கீறினாள். கை நின்றுவிட்டது.

உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. மஞ்சளாக உருண்டு நிற்க வேண்டிய சினை கரைந்து குழம்பிக் கிடந்தது. கட்டைவிரலால் முதுகைத் தடவினாள். நடுமுள் இரண்டாக ஒடிந்திருந்தது.

இன்னொன்றைக் கீறினாள். அதுவும் அப்படித்தான். மூன்றாவதும்.

"சிங்காரு, இங்க வா."

"இன்னாக்கா?"

"இது எந்த வலையில பட்டது?"

"எந்த வலைன்னா? வூட்டு வலைதான்."

"வலையில பட்ட மீனுக்குச் செவுள்கிட்ட நூல் தடம் இருக்கும். இதுல ஒரு கீறல் இல்ல. வெளிய பாத்தா தூங்கற மாதிரி இருக்குது, உள்ள முள்ளு ஒடிஞ்சிருக்குது. யாருகிட்டடா கதை சொல்ற? நானும் குப்பத்துல பொறந்தவதான்."

சிங்காரவேல் கொல்லைப் படியில் உட்கார்ந்தான். கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினான்.

"வெடி போட்டோங்கா."

அம்சவல்லி அவனையே பார்த்தாள். அப்புறம், எதையோ நினைத்துக்கொண்டவள்போல மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பையில இன்னாடா இருக்குது?"

அவன் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே, நாலு முழ உயரத்தில், அவளே தன் கையால் மாட்டிய பை.

எழுந்து ஓடினாள். குடத்தோடு தண்ணீரைத் தூக்கி அடுப்பில் கொட்டினாள். புகையும் சாம்பலும் முகத்தில் அடித்தன. அந்தப் புகைக்குள், கையில் இரும்புக் கரண்டியோடு பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜான் பீவி வந்து நின்றாள்.

"அம்சாக்கா, ரெண்டு தணல் குடுங்க, தீப்பெட்டி… என்னக்கா இது?"

"ஜான், ஒன் அடுப்புல நெருப்பு இல்லியே?"

"இல்ல. அதுக்குத்தானே வந்தேன்."

"நல்லதாப் போச்சி. புள்ளைங்கள கூட்டிகினு மைதானத்துக்குப் போ. இந்த வரிசையில யாரு வூட்லயும் அடுப்பு எரியக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போ. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

ஜான் பீவி அவள் முகத்தைப் பார்த்தாள். மறு கேள்வி கேட்கவில்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போனாள்.

*

ரோட்டுக்கு அப்பால், முந்திரி மரத்தடியில் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் இருந்த ஆறு வீடுகளும் காலி. பெண்கள் மைதானத்தில் வேப்பமர நிழலில் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நின்று, இந்தப் பக்கமே பார்த்தார்கள். இரண்டு மணி சைரனுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

"சொல்லு" என்றாள் அம்சவல்லி.

"முகத்துவாரத்துல ஒண்ணும் இல்லக்கா. கொசுவலை மாதிரி கண்ணி வச்ச நைலான் வலை வந்திச்சி. எல்லாரும் வாங்கனோம். மொத வருசம் கூடைகூடையா வந்திச்சி. விரல் நீளக் குஞ்சைக்கூட விடல. திங்க முடியாதத காயவச்சி எருவுக்குப் போட்டோம். ரெண்டாம் வருசம் பாதிதான். இப்ப வலையை இழுத்தா வெறும் பாசிதான் வருது. அப்பதான் கெணறு வெட்ற கான்ட்ராக்டு ஆளு ஒத்தன் வந்தான். பாறை ஒடைக்கிற தோட்டா வச்சிருந்தான். ஒண்ணு போட்டா ஒரு வாரத்து மீனு மெதக்கும்னான்."

"மெதந்திச்சா?"

"மெதந்திச்சி." தலையைக் குனிந்துகொண்டான். "போன புதன்கெழம ராயப்பன் போட்டான். திரியைக் குட்டையா வெட்டிட்டான் போல. கையில இருக்கும்போதே வெடிச்சிட்டுது. வலது கை மணிக்கட்டோட போயிடுச்சி."

அம்சவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். ராயப்பன் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன். அவள் கல்யாணத்தன்று குப்பம் முழுவதும் ஏசியபோது, ஒன்றும் பேசாமல் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் பெட்டியைத் தூக்கி வந்தவன்.

"அதான் மாமாகிட்ட வந்தேன். தெனம் வெடி வைக்கிறவருன்னு சந்தையில கேள்விப்பட்டேன். திரி எவ்ளோ நீளம் வெட்டணும்னு அவரு சொல்லிட்டா போதும். இன்னொருத்தன் கை போவாது."

"ஆறு வருசமா அவரு எங்க வூட்டு மனுசனே இல்லன்னு சொன்னீங்க. இப்ப வெடின்னதும் மாமா ஆயிட்டாரா?"

சிங்காரவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தும் அவள் மனம் இளகவில்லை. இளகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

இரண்டேகாலுக்குப் பழனிவேல் சைக்கிளில் வந்தான். மைதானத்தில் கூட்டம், வீடுகளில் புகை இல்லை, மரத்தடியில் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் மைத்துனன். சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே அவர்களிடம் வந்தான்.

அம்சவல்லி நாலு வார்த்தையில் சொன்னாள். அவன் தனியாக வீட்டுக்குள் போனான். சிறிது நேரம் கழித்து வெளியே வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இத பஸ்லயா கொண்ணாந்த?"

"ஆமா மாமா."

"பஸ்ல எத்தினி பேரு இருந்தாங்க?"

சிங்காரவேல் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டான்.

"பழைய தோட்டா. உள்ள இருக்கற மருந்து வேர்த்த மாதிரி வெளிய கசிஞ்சிருக்குது, லேசா அதிர்ந்தாலே வெடிச்சிடும். குறிஞ்சிப்பாடி ரோட்டுல ஒரு பள்ளத்துல பஸ்சு எறங்கி ஏறியிருந்தா போதும், அத்தினி பேரும் போயிருப்பாங்க. தலையில மீனு, தோள்ல இந்தப் பையை மாட்டிகினு வந்திருக்கிற."

"தெரியாது மாமா. தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். திரி நீளத்தை மட்டும் சொல்லிடு."

பழனிவேல் உடனே மறுத்துவிடவில்லை. அதுதான் அம்சவல்லிக்குப் பயமாக இருந்தது. ராயப்பனின் கை அவன் மனசிலும் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"நான் சொல்லிட்டா ஒங்க கை தப்பிக்கும். சரி. நாங்க எப்பிடி வெடிக்கிறோம் தெரியுமா? மண்ணுல பொத்தல் போட்டு, சைரன் ஊதி, ஒரு ஆளு உள்ள இல்லன்னு மூணு தடவை எண்ணிப் பாத்துட்டுத்தான் வெடிக்கிறோம். ஒரு ஆடு மேஞ்சிகினு இருந்தாக்கூட நிறுத்திடுவோம். கடல்ல எந்த மீனுக்குடா சைரன் ஊதுவ?"

"மாமா…"

"மெதக்கறத அள்ளறீங்க. அடியில போவுதே, அது எத்தினி? தண்ணியில வெடிச்சா அதிர்வு மண்ணவிட நல்லா ஓடும்டா. பெரிசு, குஞ்சு, முட்டை எல்லாத்துக்கும் ஒரே அடி."

சிங்காரவேல் கைகளை விரித்துப் பார்த்தான்.

"ஒரு தபா முழுவிப் பாத்தேன்" என்றான். "தரை வெள்ளையா இருந்திச்சி. மணலுன்னு நெனச்சி கையை வச்சேன். மணல் இல்ல. மல்லாந்து கெடந்த மீனு. அதுக்கப்புறம் நான் முழுவல."

மைதானத்திலிருந்து ஒரு குழந்தை பசிக்கு அழும் சத்தம் கேட்டது.

பழனிவேல் எழுந்தான். "நான் மைன்ஸுக்குப் போயி இன்ஜினீயர்கிட்ட சொல்லப்போறேன். அவங்க ஆளு வந்துதான் இத எடுக்கணும். நம்ம கையால தொடக் கூடாது."

"போலீசு வருமே மாமா! ஒனக்கு வேலை போயிடும்!"

அது அம்சவல்லிக்கும் தெரியும். சுரங்கத்தில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பூட்டும் காவலும் உண்டு. வெடிப் பிரிவு ஆள் வீட்டில் தோட்டா கிடந்தது என்றால், எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்குமுன் யார் வீடு என்றுதான் கேட்பார்கள். பெர்மனன்ட் ஆன உத்தரவுக் காகிதம் இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் தடவியபடி இருந்தது.

பழனிவேல் அவளைப் பார்த்தான். அவள் சொல்லாமல் போக அவனுக்கு மனமில்லை.

"போயி சொல்லுங்க" என்றாள். "ஆறு வூட்டுப் புள்ளைங்க வெயில்ல நிக்குது."

சைக்கிள் போனதும் சிங்காரவேலும் எழுந்தான். பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்தான். அம்சவல்லி அவன் கையைப் பிடிக்கவில்லை.

"போறதுன்னா போ. நான் பேரு சொல்ல மாட்டேன். அவரும் சொல்ல மாட்டாரு. அதனால எங்களுக்கு இன்னா வரும்னு நீயே யோசிச்சிக்க."

அவன் போய்விட்டான்.

*

ஜீப் வந்தது. பின்னாலேயே இன்னொரு ஜீப்பில் போலீஸ். இன்ஜினீயர், வெடிப் பிரிவு ஆட்கள் இருவர், மணல் நிரப்பிய மரப்பெட்டி. அவர்கள் உள்ளே போய் வெளியே வர கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரமும் அம்சவல்லி மூச்சை எண்ணிக்கொண்டு நின்றாள். பெட்டி ஜீப்பில் ஏறி ஊருக்கு வெளியே புறப்பட்ட பிறகுதான் மைதானத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது.

"இது நம்ம ஸ்டாக் இல்ல. வேற மார்க்" என்றார் இன்ஜினீயர். "ஆனா பழனிவேல், யார் கொண்டுவந்தாங்கன்னு நீ சொல்லியாகணும். இல்லேன்னா நான் உனக்காகப் பேச முடியாது."

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பழனிவேல் தரையைப் பார்த்தான். அம்சவல்லி வானத்தைப் பார்த்தாள்.

"நாந்தாங்க."

முந்திரி மரங்களுக்கு நடுவிலிருந்து சிங்காரவேல் வந்துகொண்டிருந்தான். வேகமாக நடக்கவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

"பஸ் ஏறினேங்க. பக்கத்து சீட்டுல கைக்கொழந்தையோட ஒரு அம்மா. காலையில வரும்போதும் பக்கத்துல ஒரு கொழந்தை இருந்திச்சி. குந்த முடியல, எறங்கிட்டேன். குப்பத்துல இன்னும் ஒரு பெட்டி இருக்குது. வந்து எடுத்துக்குங்க. குடுத்தவன் பேரும் சொல்றேன்."

பழனிவேல் மைத்துனனின் தோளில் கை வைத்தான். கல்யாணத்துக்கு அப்புறம் அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

*

வேலாங்குப்பத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜீப்பில் சிங்காரவேலோடு அக்காளும் மாமாவும் ஏறி வந்திருந்தார்கள். "பொம்பள எதுக்கும்மா?" என்ற சப்-இன்ஸ்பெக்டரிடம், "அது நான் பொறந்த வூடுங்க" என்று சொல்லி அம்சவல்லி ஏறிக்கொண்டாள்.

குடிசைக்குப் பின்னால் மணலில் புதைத்திருந்த பெட்டியை, இன்னொரு ஜீப்பில் வந்த வெடிப் பிரிவு ஆட்கள் வெளியே எடுத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சிங்காரவேலை நிமிர்ந்து பார்த்தார்.

"கொடுத்தவன் பேரைக் கோர்ட்ல ஏறிச் சொல்வியா?"

"சொல்றேங்க."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடணும். தலைவரே, உம்ம பொறுப்பு."

பஞ்சாயத்துத் தலைவர் குழந்தைவேல் தலையசைத்தார். ஜீப்புகள் பெட்டியோடு போயின. வலை பின்னும் கொட்டகையின் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். அம்சவல்லி எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு கட்டுமரத்தின் ஓரமாக நின்றாள். ராயப்பன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தான்.

"போலீசுக்குக் காட்டிக் குடுத்துட்டான்" என்று ஒரு குரல். "வெடியும் இல்லன்னா இன்னாத்த திங்கறது?" என்று இன்னொன்று. சத்தம் ஏறியது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சிங்காரவேலின் மனைவி தனகோட்டி ஒரு கூடையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தாள். காலையில் விற்காமல் திரும்பிய மீன்.

"தொட்டுப் பாருங்க" என்றாள். "கஞ்சி மாதிரி இருக்குது. கடலூர் சந்தையில கட்டைவெரலால அழுத்திப் பாத்துட்டு, மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பிப் போடறாங்க. மதியம் ஆனா நாறுது. பேச்சு வாங்கறது நாங்கதான், நீங்க இல்ல. இனிமே வெடி மீனை நான் தலையில தூக்க மாட்டேன். நீங்களே கொண்ணு போயி வித்துக்குங்க."

அவள் பின்னால் இன்னொருத்தி, "நானும் தூக்க மாட்டேன்" என்றாள். பிறகு இன்னொருத்தி. பெண்கள் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. கூடை கூடையாகக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள்.

முன்வரிசை ஆண்கள் கூடைகளிலிருந்து விலகிப் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அம்சா" என்றார் தலைவர் திடீரென்று. ஆறு வருஷத்தில் இந்த ஊர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இப்போதுதான். "நீ ஏம்மா அங்க நிக்கிற? இப்பிடி வா. ஒனக்கு எதாச்சும் தோணுதா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவுக்கு வந்தாள்.

"டவுன்ஷிப்ல எல்லா ஜில்லாக்காரங்களும் இருக்காங்க. ஞாயித்துக்கெழம நல்ல மீனுக்குக் காத்துகினு நிக்கறாங்க. வர்றதெல்லாம் ரெண்டு நாளு பழசு. வலையில பட்ட பெரிய மீனா, மொத பஸ்ல வந்தா, நான் நின்னு வித்துத் தரேன். கொஞ்சமா இருந்தாலும் போதும். ஆனா குஞ்சு வேணாம், வெடி வேணாம். என் பேரைச் சொல்லி அந்த ஊர்ல விக்கணும்னா முள்ளு முழுசா இருக்கணும்."

"முகத்துவாரத்துல மீனே இல்லியே" என்றான் ஒருவன்.

"இல்ல, நாமதான் தங்க விடல" என்றான் ராயப்பன். குரல் பலவீனமாக இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. "சினை மடவை முட்டை போட வெளிய போவுது. அதுங்கள விட்டுட்டு, குஞ்சு உள்ள வந்து வளந்து திரும்ப வெளிய போற வரிக்கும் முகத்துவாரத்தத் தொடாம இருந்து பாப்போம். அதுவரிக்கும் வெளிக்கடலுக்குப் போவலாம். கஷ்டம்தான். என்னால வர முடியாது. ஆனா எனக்காக இன்னொரு கை போவ வேணாம்."

பேச்சு நீண்டது. சண்டையும் வந்தது. இருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், சிறிது தூரம் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் தலைவர் எழுந்து நின்று சொன்னார்: வெடி கிடையாது. குஞ்சு வெளியேறும் வரை முகத்துவாரத்தில் யாரும் வலை போடக் கூடாது. இரண்டு விரல் நுழையாத கண்ணியுள்ள வலை இனிமேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. வெளிக்கடலுக்குப் போகிற ஒவ்வொரு கட்டுமரமும் ராயப்பன் வீட்டுக்கு ஒரு பங்கு மீன் எடுத்து வைத்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.

சிங்காரவேல் எழுந்து போய்த் தன் வீட்டுக் கொசுவலைக் கண்ணி வலையை இழுத்து வந்து கொட்டகைத் தூணில் சுருட்டிக் கட்டினான். ஒன்றிரண்டு பேர் அவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவர்களும் எழுந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அது கேட்டது.

வடக்கே, தண்ணீருக்கு மேல், அடைத்த கதவை யாரோ உள்ளிருந்து இடித்ததுபோல ஒரு சத்தம். இடி இல்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பழனிவேலுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் கேட்கிற சத்தம்.

"பக்கத்துக் குப்பம்" என்றார் தலைவர். "அந்தக் கான்ட்ராக்டு ஆளு அங்கயும் பெட்டி எறக்கியிருக்கான்."

சிங்காரவேல் கட்டிய வலையிலிருந்து கையை எடுத்தான். "நாம மட்டும் நிறுத்தி இன்னா ஆவப்போவுது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சற்று முன்பு வரை கூட்டத்தில் இருந்த சூடு அடங்குவது அம்சவல்லிக்குத் தெரிந்தது.

தனகோட்டிதான் பேசினாள். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, பெரிய விஷயம் எதுவும் இல்லாததுபோல.

"அந்தக் குப்பத்துப் பொம்பளைங்க சந்தையில எங்க பக்கத்துலதான் குந்தறாங்க. அவங்க மீனும்தான் திரும்பி வருது. விடியட்டும், போயி பேசிட்டு வரோம். எத்தினி பேரு வர்றீங்க?"

நாலைந்து கைகள் உயர்ந்தன. பிறகு எண்ண முடியாத அளவுக்கு உயர்ந்தன.

நெய்வேலிக்குக் கடைசி பஸ் நேரமாகிவிட்டது. பழனிவேலுக்குக் காலையில் ஷிப்டுக்கு முன்னால் இன்ஜினீயர் முன் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகு வேலை இருக்குமா, விசாரணை முடியும்வரை நிறுத்தி வைப்பார்களா என்று அவனுக்கே தெரியாது. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"வா, போவலாம்."

அம்சவல்லி நகரவில்லை. வீட்டு வாசலில் தம்பி ஒரு பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். தனகோட்டி உள்ளேயிருந்து, "அண்ணி, சோறு ஆறிப் போவுது" என்று கூப்பிட்டாள்.

"நீங்க போங்க" என்றாள் அம்சவல்லி. "உள்ளது உள்ளபடி எழுதிக் குடுங்க. ஜான்கிட்ட, அம்சாக்கா நாளைக்குத்தான் வரும், அடுப்பு மூட்டிக்கலாம்னு சொல்லுங்க. எனக்கு விடிஞ்சா வடக்குக் குப்பத்துல வேலை இருக்குது."

பழனிவேல் சிரித்தான். அன்று முழுவதும் அவன் சிரிக்கவில்லை. ரோட்டை நோக்கி நடந்தான். அவன் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள், பிறகு குனிந்து அந்தத் தாழ்ந்த வாசலுக்குள் நுழைந்தாள்.